பன்னிரண்டு மில்லிமீட்டர் தள்ளி ஒரு கோடு

கேள்வி: கடலூர் சிப்காட் ஆலைகளுக்கு கேஸ்கெட் (இணைப்பு கசியாமல் நடுவே வைக்கும் ஷீட்) வெட்டித் தரும் சின்னப் பட்டறையில் வரைபட வேலை பார்க்கிறேன். டிப்ளமோ முடித்து ஒரு வருஷம் ஆகிறது. பம்ப்பில் இருந்து கழற்றிய பழைய கேஸ்கெட்டை போட்டோ எடுத்து, ஃப்ரீகேட் வரைபட மென்பொருளில் அதன் மேலேயே, புள்ளிகள் வழியே வளைந்து போகும் ஸ்ப்லைன் கோடாக உள்விளிம்பை வரைகிறேன். பிறகு வெளிவிளிம்புக்காக அதை 12 மி.மீ. வெளியே தள்ளி ஆஃப்செட் கொடுக்கிறேன். வட்டமான பக்கம் சரியாக வருகிறது. கழுத்து மாதிரி உள்ளே வளையும் இடத்தில் கோடு தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது, இல்லையென்றால் எரர் காட்டுகிறது. முதலாளி, “எதுக்கும்மா இவ்ளோ பாடு? உள்கோட்டையே ஸ்கேல் பண்ணிப் பெரிசாக்கிடு” என்கிறார். தப்பு என்னிடமா, கருவியிடமா?
— வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அன்புத் தங்கைக்கு, முதலில் ஸ்கேல் விஷயத்தை முடித்துவிடுவோம். அதைச் செய்யாதீர்கள். 200க்கு 100 என்று ஒரு செவ்வகம் போட்டு, 1.1 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். நீளவாக்கில் இரண்டு முனையிலும் 10 மி.மீ. கூடும், அகலவாக்கில் பக்கத்துக்கு 5 மி.மீ.தான் கூடும். கேஸ்கெட்டில் இதன் அர்த்தம், ஒரு பக்கம் நல்ல அகலம், இன்னொரு பக்கம் பாதி. அமிலமோ காரமோ ஓடும் குழாயில் அந்தப் பாதி அகலத்தை நம்பி யாரும் நிற்கக் கூடாது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நான் வேலை பழகிய நாட்களில் இப்படி ஸ்கேல் செய்து வெட்டிய ஒரு ஷீட்டில் போல்ட் ஓட்டைகளும் சேர்ந்து நகர்ந்துவிட்டன. ஷீட் முழுவதும் வீண். அன்று பட்ட வெட்கம் இன்னும் மறக்கவில்லை.

ஆஃப்செட் செய்வது வேறு வேலை. கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் செங்குத்தாக நின்று, சொன்ன தூரம் நகர்ந்து, புதுப் புள்ளி வைக்கிறது. நேர்கோடு இணைகோடாகும். வட்டவில்லுக்கு மையம் மாறாது, ஆரம் மட்டும் கூடும் அல்லது குறையும். உங்கள் சிக்கல் இந்தக் ‘குறையும்’ என்ற இடத்தில்தான் இருக்கிறது. கழுத்துப் பக்கம் வளைவின் மையம் உள்கோட்டுக்கு வெளிப்பக்கம் இருக்கிறது. அங்கே ஆரம் 8 மி.மீ. என்று வையுங்கள். வெளியே 12 போனால் 8 கழித்தல் 12. மைனஸ் ஆரத்தில் வில் கிடையாது. அதனால்தான் கோடு புரண்டு தன்னையே வெட்டுகிறது. கருவி பொய் சொல்லவில்லை, நீங்களும் கணக்கில் தப்பு செய்யவில்லை. அந்தச் சின்ன வளைவுக்கு வெளிக்கோட்டில் இடமே இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஒரு வில்லை விட்டுவிட்டு, அதன் இருபுறக் கோடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஆஃப்செட் கொடுங்கள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தைத் தாண்டிப் போகும் மீதியை ட்ரிம் செய்யுங்கள். ஒரு கூர்மூலை கிடைக்கும். அகலம் குறைந்துவிடுமோ என்று பயம் வேண்டாம். அந்தக் கோடுகள் 90 பாகையில் சந்தித்தால், மூலையில் இருந்து உள்வளைவுக்கு நேராக அளந்தால் சுமார் 13.7 மி.மீ. வரும். கத்தி திரும்ப வசதியாக மூலையில் 3 அல்லது 4 மி.மீ. ஃபில்லட் (மூலையை உருட்டும் வில்) போட்டாலும் அகலம் இன்னும் கூடத்தான் செய்யும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் நீங்கள் மாற்ற வேண்டியது அந்த ஸ்ப்லைன். போட்டோவின் மேல் ஐம்பது அறுபது புள்ளி வைத்து வரைந்த கோட்டில், கண்ணுக்குத் தெரியாத நெளிவுகள் நிறைய இருக்கும். உள்ளே வளையும் ஒவ்வொரு நெளிவும் 12 மி.மீ. ஆரத்துக்குக் குறைவானால் ஒரு முடிச்சு விழும். இன்னொன்று, ஸ்ப்லைனை ஆஃப்செட் செய்தால் பெரும்பாலும் துல்லியமான ஸ்ப்லைன் கிடைக்காது. மென்பொருள் தோராயமான கோட்டைத்தான் பொருத்தித் தரும். நீள்வட்டமும் அப்படித்தான், தள்ளிய கோடு நீள்வட்டமாக இருப்பதில்லை. நேர்கோடும் வட்டவில்லும் தன் இனம் மாறாமல் நகரும். பம்ப்பின் ஃப்ளாஞ்ச், அதாவது போல்ட் போட்டு இறுக்கும் விளிம்புத் தகடு, அதன் வடிவமும் பெரும்பாலும் கோடும் வில்லும் சேர்ந்ததுதான். உங்கள் அறுபது புள்ளிக்குப் பதிலாக எட்டு பத்துத் துண்டுகள் போதும். சேரும் இடங்களில் முறிவில்லாமல் சேர தொடுகோட்டுக் கட்டுப்பாடு கொடுத்துவிடுங்கள்.

அளவையும் பழைய கேஸ்கெட்டில் எடுக்காதீர்கள். இறுக்கத்தில் நசுங்கி விரிந்த பொருள் அது. முடிந்தால் ஃப்ளாஞ்ச் மேலேயே தாளை விரித்து, விளிம்பை விரலால் தேய்த்துப் படி எடுங்கள். ஆரங்களை வெர்னியரால் சரிபாருங்கள். அந்த உள்கோடு ஒன்றுதான் அசல். வெளிக்கோடு அதிலிருந்து பிறக்கட்டும். தனியாக வரைந்தால் நாளை ‘12 வேண்டாம், 15 போடு’ என்று ஆலையில் சொல்லும்போது மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஃப்ரீகேட் பழையது வைத்திருந்தால் புதுப்பியுங்கள், அது இலவசம்தான். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் ஸ்கெட்சர் என்ற வரையும் பகுதிக்குள்ளேயே ஆஃப்செட் கருவி இருக்கிறது. மூலையை வில்லாக நிரப்பவா, கோடுகளை நீட்டிச் சந்திக்க வைக்கவா என்று கேட்கும். ஆஃப்செட் கட்டுப்பாட்டைச் சேர்க்கும் தேர்வும் உண்டு. அதை டிக் செய்தால் தூரத்தைப் பிறகு ஒரே இடத்தில் மாற்றலாம். போல்ட் ஓட்டைகளை மட்டும் இந்தத் தேர்வில் சேர்த்துவிடாதீர்கள். முகப்பு முழுவதையும் பிடித்து வெளியே தள்ளினால் ஓட்டைகள் சுருங்கிவிடும்.

சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. மூடிய கோட்டை d தூரம் வெளியே தள்ளி, கூர்மூலைகளை வில்லால் நிரப்பினால், சுற்றளவு 2πd கூடும். கோடு தன்னையே வெட்டாதவரை வடிவம் எதுவானாலும் சரி. 12 மி.மீ.க்கு 75.4. உள்கோடு 640 என்றால் வெளிக்கோடு 715.4 வரவேண்டும். கழுத்தில் நீங்கள் வெட்டிவிட்ட இடத்துக்காக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறையலாம். பத்து இருபது என்று வித்தியாசம் வந்தால் எங்கோ முடிச்சு விழுந்திருக்கிறது, பெரிதாக்கித் தேடுங்கள்.

முதலாளியிடம் வாதாட வேண்டாம், அம்மா. அந்த 200க்கு 100 செவ்வகத்தை இரண்டு வழியிலும் வெட்டி, இரண்டு அட்டைகளையும் அவர் மேசையில் வையுங்கள். ரப்பர் ஷீட்டில் கத்தி வைப்பதற்கு முன் புது கேஸ்கெட்டையும் அட்டையில் ஒரு முறை வெட்டி ஃப்ளாஞ்சில் வைத்துப் பாருங்கள். நாலு போல்ட்டும் தட்டாமல் இறங்கினால் ஷீட்டை எடுக்கலாம்.