சுன்னத்து வைத்தால் பிள்ளையின் மனசு பாதிக்குமா?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது. நோன்புப் பெருநாள் கழிந்ததும் சுன்னத்து வைத்துவிடலாம் என்கிறார் மாமி. போருக்குப் போய்வந்த சிப்பாய்க்கு வருகிற மனபாதிப்பு இதனால் குழந்தைக்கும் வரும் என்று டேவிட் லெவி என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சொன்னாராமே? கேட்டதிலிருந்து தூக்கமில்லை, டாக்டர். - வாசகி, மேலப்பாளையம்

பதில்: லெவி அப்படி எழுதியது உண்மைதான், சகோதரி. ஆனால் உங்கள் காதுக்கு வந்தது பாதிதான்.

நியூயார்க்கில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர் அவர் (1892-1977). மைக்கறை போன்ற படங்களைக் காட்டி 'என்ன தெரியுது' என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனையை அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்தியவர். பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கும் தாய்மாரைப் பற்றி 1943ல் ஒரு புத்தகம் எழுதினார். பயந்த குழந்தையின் கையில் பொம்மைகளைக் கொடுத்து, நடந்ததை விளையாட்டாகவே திரும்ப நடத்தவிட்டு பயத்தை இறக்கும் சிகிச்சையும் அவருடையது. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

1945ல், ஆபரேஷன் செய்துகொண்ட 124 குழந்தைகளின் குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார். சுன்னத்து மட்டுமில்லை, டான்சில் எடுத்தவர்களும் அதில் உண்டு. ராத்திரியில் அலறி எழுவது, இருட்டுக்குப் பயம், அம்மாவின் சேலையை விடாமல் பிடிப்பது, காரணமில்லாத அடம் எல்லாம் சிலரிடம் இருந்தன. 1, 2 வயதுக்காரர்களிடம் அதிகம். அவசரமில்லாத ஆபரேஷனை 3 வயதுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து.

ஆனால் அவை மனநல மருத்துவரிடம் வந்து சேர்ந்த பிள்ளைகளின் குறிப்புகள். ஆபரேஷனுக்குப் பிறகு சும்மா ஓடியாடித் திரிந்தவன் அந்தக் கணக்கில் எப்படி வருவான்? காலமும் வேறு. முகத்தில் ஈதர் மூடியை அமுக்கி மயக்குவார்கள், பெற்றோரை வெளியே நிறுத்திவிடுவார்கள். ஆகவே சுன்னத்து ஆயுசுக்கும் மனசைக் கெடுக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

வலியை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று 1980கள் வரை மருத்துவர்களிலேயே பலர் நம்பினார்கள். 1997ல் டொராண்டோ ஆய்வு ஒன்றில், பிறந்தவுடன் சுன்னத்து செய்யப்பட்ட குழந்தைகள் 4, 6 மாதத் தடுப்பூசியின்போது மற்றவர்களைவிட அதிகம் அழுதார்கள். முன்பே மரப்புக் களிம்பு தடவப்பட்டவர்களிடம் அந்த அழுகை குறைந்திருந்தது.

பிள்ளையின் மனசில் நிற்பது பெரும்பாலும் ஏமாற்றமும் அமுக்கிப் பிடித்த கைகளும்தான் என்பது என் அனுபவம். 'கடைக்குப் போறோம்' என்று தூக்கிப்போய், இரண்டு மாமாமார் காலைப் பிடிக்க, 'மேலே பாரு, குருவி' என்று சொல்லிக் கத்தி வைத்த பழக்கம் நம் ஊரில் இருந்ததே, அதைத்தான் சொல்கிறேன். வலியைவிட, சொந்தக்காரர்களே சேர்ந்து ஏமாற்றினார்கள் என்பது நெடுநாள் நிற்கும்.

எனவே மாமியிடம் ஒன்றிரண்டு வருஷம் தள்ளிப்போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். சொன்னால் விளங்கும் வயது வந்துவிடும். எப்போது வைத்தாலும் ஆஸ்பத்திரியில், முறையான மயக்கமோ மரப்பு ஊசியோ கொடுத்துத்தான். முதல் நாளே அவனுக்குப் புரிகிற மாதிரி உண்மையைச் சொல்லுங்கள். 'வலிக்கவே வலிக்காது' என்று மட்டும் சொல்லாதீர்கள். மயங்கும்வரையும், கண் விழிக்கும்போதும் நீங்கள் பக்கத்தில் இருக்க அனுமதி கேளுங்கள். கைலி உரசாமலிருக்கக் கயிறு கட்டித் தூக்கிவிடுவார்களே, அதோடு படுத்திருக்கும் பிள்ளையைச் சுற்றி நின்று விருந்தாளிகள் கேலி செய்வதைத் தடுத்துவிடுங்கள். பிறகு அவன் பொம்மைக்குக் கட்டுப்போட்டு விளையாடினால் அதட்ட வேண்டாம். அலறலோ, நின்றுபோன படுக்கை நனைப்போ ஒரு மாதம் தாண்டியும் இருந்தால் அழைத்து வாருங்கள்.

தேதி குறிக்குமுன் குழந்தை அறுவை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத கோளாறு இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தால் சுன்னத்து வைக்கக் கூடாது. அதைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு அந்தத் தோல் தேவைப்படலாம்.