கையில் எடுத்த பந்து

கேள்வி: எனக்கு 43 வயது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. கணவர் பல ஆண்டுகளாகக் கோல்ஃப் ஆடுபவர். மகள் கல்லூரி விடுதிக்குச் சென்றபின் என்னையும் கற்றுக்கொள்ளச் சொன்னார். நானும் ஆசையோடு தொடங்கினேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு கோயம்புத்தூர் சென்று ஆடி வருகிறோம். எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. யாருக்கும் தொந்தரவு இல்லாமல்தான் ஆடுகிறேன். பின்னால் வருகிறவர்கள் காத்திருக்கக் கூடாது என்பதால், ஐந்தாறு ஷாட்டுக்கு மேல் போனால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை குழியில் நட்டிருக்கும் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆனால் மாமியார், "பேத்தி எடுக்கிற வயதில் கால்சட்டை போட்டுக்கொண்டு என்ன விளையாட்டு?" என்கிறார். சேலத்து உறவினர்கள் விசேஷ வீடுகளில் கேலி பேசுகிறார்கள். இந்த வயதில் இது தேவையா? நிறுத்திவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஏற்காடு.

பதில்: சகோதரி, இந்தக் கடிதம் எனக்குப் புதியதில்லை. வீணை, நீச்சல், கார் ஓட்டுவது என்று விஷயத்தின் பெயர் மட்டும் மாறி, பல ஆண்டுகளாக என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கிறது. வயது ஒரு தடையில்லை, கேலியைப் பொருட்படுத்தாதீர்கள் என்று நான் எழுதப்போவதில்லை. அப்படி எழுதுவதால் பந்தியில் உட்கார்ந்து சிரிக்கிறவர்கள் சிரிப்பை நிறுத்தப்போவதுமில்லை. என்னை உறுத்துவது மாமியாரின் சொல்லன்று. கடிதத்தின் நடுவில், ஏதோ நற்குணத்தைச் சொல்வதுபோல் நீங்கள் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஒரு வரிதான் உறுத்துகிறது. பந்தைக் கையில் எடுத்துக்கொள்கிறீர்கள். கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

எட்டு மாதம், மாதத்துக்கு இரண்டு ஞாயிறு என்றால் பதினாறு முறை மலையிறங்கிப் போயிருக்கிறீர்கள். இந்தப் பதினாறில் உங்கள் பந்து எத்தனை முறை குழிக்குள் விழுந்தது? உருண்டு வந்த பந்து விளிம்பில் ஒரு கணம் தயங்கி, உள்ளே விழுந்து, குழியின் சுவரில் தட்டி அடங்கும் ஓசையை, அது உங்கள் பந்தின் ஓசையாக, ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பந்தைத் தொலைதூரம் பறக்கவிடுவதுதான் கோல்ஃப் என்று வேடிக்கை பார்ப்பவர்கள் நினைக்கலாம். ஆடுகிற நீங்கள் நினைக்கக் கூடாது. குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். டிரைவர் என்கிற நீண்ட மட்டையை வீசி இருநூறு கஜம் அடித்தாலும் கணக்கில் ஒரு ஷாட். பந்தை உருட்டுவதற்கென்றே உள்ள பட்டர் மட்டையால் நாலு விரற்கடை உருட்டினாலும் ஒரு ஷாட். தோள்வலு குறைந்தவருக்கும் காலம் தாழ்ந்து தொடங்கியவருக்கும் இந்த விளையாட்டு காட்டுகிற நியாயம் முழுவதும் அந்தக் கணக்கில் இருக்கிறது. உங்கள் கணவர் அடிக்கும் தூரத்தை நீங்கள் ஒருநாளும் எட்டாமல் போகலாம். ஆனால் குழிக்கு ஆறடி தொலைவில் நின்று, புல்லின் சரிவைக் கண்ணால் அளந்து, பந்தை மெல்லத் தள்ளுவதில் ஆண் என்பதால் அவருக்கு ஒரு சலுகையும் கிடையாது. அந்த இடத்தை நெருங்கும் நேரத்தில்தான் நீங்கள் ஒவ்வொரு முறையும் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறீர்கள்.

ஐந்தாறு ஷாட் என்ற வரம்பை உங்களுக்கு யார் வகுத்தது? ஆடுபவரின் திறமைக்கேற்பக் கூடுதல் ஷாட்டுகளைச் சலுகையாகத் தருவதை ஹேண்டிகேப் என்பார்கள். 2020 முதல் உலகெங்கும் ஒரே ஹேண்டிகேப் முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உச்ச அளவு 54. ஒரு முழு ஆட்டத்தின் பதினெட்டுக் குழிகளுக்கு அதைப் பங்கிட்டால், குழிக்கு மூன்று ஷாட் கூடுதலாக வருகிறது. அதாவது பார் நான்கு கொண்ட, தேர்ந்தவர் நாலு ஷாட்டில் முடிக்க வேண்டிய குழியை ஏழு ஷாட்டில் முடிக்கிறவருக்கும் இந்த விளையாட்டு முறையான இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஏழாவது ஷாட் உங்களுடையது. அதை அடிக்காமல் நீங்களாகவே விட்டுக்கொடுத்துவிட்டு, யாருக்கும் தொந்தரவில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

கொடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பட்டரால் ஆடும்போது கொடியைக் குழியிலேயே விட்டுவைத்து ஆடலாம், பந்து அதில் பட்டாலும் தண்டனை இல்லை என்று 2019-இல் விதி மாறிவிட்டது. யாரும் பிடிக்கத் தேவையில்லாத ஒன்றை, நாலு மணி நேரம் பயணம் செய்து போய், வெயிலில் நின்று பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வந்தால் எனக்கு மகிழ்ச்சியே.

குடும்பக் கடமையை ஏளனம் செய்கிற எழுத்து எனக்குப் பிடிக்காது. என் தாயார் வாழ்நாள் முழுவதும் வீட்டில் எல்லோரும் உண்டபின் உண்டவர். அதை அடிமைத்தனம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். பிள்ளைகளின் பசி காத்திருக்காது என்பதால் அவர் அப்படிச் செய்தார். கொடிக்கு என்ன பசி? கடமை இருக்கிற இடத்தில் தன்னைப் பின்னுக்கு நிறுத்திக்கொள்வது பெருமை. கடமை இல்லாத இடத்திலும் பழக்கத்தால் பின்னுக்கு நிற்பது பணிவாகாது. தொடங்கியதை முடிக்கும் பொறுப்பிலிருந்து நழுவுவதுதான் அது. நீங்கள் தோட்டம் பார்க்கிறவர். கடைசிச் சுற்றுப் பறிப்பில் செடியில் பழத்தை விட்டுவைத்தாலும், கீழே உதிர்ந்ததைப் பொறுக்காமல் விட்டாலும், காய்த்துளைப்பான் வண்டு அதிலேயே தங்கி அடுத்த ஆண்டுக் காய்ப்பைக் கெடுக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "ஐந்தாறு கூடை பறித்துவிட்டேன், மற்றவர்களுக்கு நேரமாகிறது" என்று ஒருவர் பாதி வரிசையில் கூடையை இறக்கிவைத்தால் சரி என்பீர்களா?

பின்னால் வருகிறவர்களைக் காக்கவைக்கக் கூடாது என்பது நல்ல எண்ணம்தான். அதற்கு வழி வேறு. நேரத்தைத் தின்பது ஷாட்டுகளின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்பு நாலு முறை வெறுமனே வீசிப் பார்ப்பதும், புதரில் பந்தைத் தேடுவதும்தான். தேடுவதற்கு விதியே மூன்று நிமிடம்தான் தருகிறது. உங்கள் முறை வரும்போது மட்டையோடு தயாராக நில்லுங்கள். விரைவாக ஆடுகிற குழு பின்னால் வந்தால், ஒதுங்கி நின்று அவர்களை முன்னால் போகச் சொல்லுங்கள். கோல்ஃப் மரியாதை என்பது அதுதான். கணவர் அடிக்கும் அதே டீயிலிருந்து, அதாவது முதல் ஷாட்டை அடிக்கும் அதே இடத்திலிருந்து, நீங்களும் அடிக்கிறீர்களோ என்றும் எனக்கு ஐயம் இருக்கிறது. புதியவர்களுக்காக முன்னால் தள்ளி டீ வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை, அங்கிருந்து தொடங்குங்கள்.

உங்கள் கணவரைப் பற்றியும் ஒரு சொல். தாமே முன்வந்து மனைவியை ஆட அழைத்தவர் நல்லவராகத்தான் இருப்பார். ஆனாலும் எட்டு மாதமாக மனைவி பாதியில் பந்தை எடுப்பதைப் பார்த்துக்கொண்டு, "ஏன் எடுத்துவிட்டாய்?" என்று ஒருமுறைகூடக் கேட்காதது அவர் தவறு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் பதினெட்டு வயது இந்திய வீராங்கனை அதிதி அசோக்குக்கு, மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாக உடன் நடந்தவர் அவருடைய தந்தை. டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி நான்காம் இடம் பெற்றபோது பையைச் சுமந்தவர் தாய். குடும்பம் உடன் நிற்பது என்றால் எனக்கு அந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. நீங்கள் பந்தைக் குழியில் இடும்வரை உங்கள் கணவர் பேசாமல் அருகில் நிற்கட்டும். அதை மைதானத்தில் நாலு பேர் முன்னிலையில் சொல்லாதீர்கள். அடுத்த ஞாயிறு மலையிறங்கும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள்.

மாமியார் விஷயத்தில் நான் உங்களுக்கு விலக்குத் தரமாட்டேன். அந்த இரண்டு ஞாயிறும் அவருடன் இருக்க நம்பிக்கையான ஓர் ஆளும், வேளைக்குச் சாப்பாடும் மருந்தும் ஏற்பாடாகியிருக்க வேண்டும். வயதானவரைத் தோட்டத்து வீட்டில் தனியே விட்டுவிட்டு நீங்கள் இருவரும் போவதாக இருந்தால், போகவே வேண்டாம் என்பேன். அந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டீர்களானால், கால்சட்டையைப் பற்றி அவர் சொல்வதற்குப் பதில் தேவையில்லை. கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. காப்பிக் களத்தின் ஓரத்தில், ஒரு பாய் விரிக்கும் அளவுக்குப் புல்லை ஒட்ட வெட்டிச் சமப்படுத்துங்கள். தண்ணீர் லைன் போட்டபோது மிஞ்சிய நாலு அங்குலப் பிவிசி குழாய் உங்கள் கிடங்கில் எங்காவது கிடக்கும். அதில் ஒரு சாண் வெட்டி, வாய் மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி புதையுங்கள். அது மைதானத்துக் குழியைவிடக் கொஞ்சம் குறுகலாகவே அமையும்; பழகுவதற்கு அது நல்லது. மூன்றடி தள்ளி நின்று, பட்டரால் நாளுக்கு ஐம்பது பந்து. கண் பந்தின் மேலேயே இருக்கட்டும். விழுந்ததா என்று பார்க்கத் தலையைத் தூக்காதீர்கள், காது சொல்லும். மூன்றடி கைவந்தபின் ஆறடிக்குப் போங்கள், அதன்பின் வெட்ஜ் என்ற மட்டையை எடுத்து முப்பதடியிலிருந்து பந்தைச் சற்றே எழுப்பிப் போட்டுப் பாருங்கள். டிரைவர் பையிலேயே இருக்கட்டும்.

அடுத்த முறை பதினெட்டும் வேண்டாம். ஒன்பது குழி மட்டும் ஆடுங்கள், ஒன்பதையும் முடியுங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்ற கேள்வியை அதற்குப் பிறகு எனக்கு அனுப்பினால் பதில் எழுதுகிறேன். அந்தக் கடிதத்தில் உறவினர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டாம். முதல் குழியை எத்தனை ஷாட்டில் முடித்தீர்கள் என்று எழுதுங்கள். பதினொன்று என்றாலும் எழுதுங்கள்.