பிள்ளைகளை ஏற்றிப் பறக்க விமானியிடம் என்னென்ன இருக்க வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் 8 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சிறிய விமானத்தில் இலவசமாக ஏற்றிச் செல்லும் திட்டம் 'யங் ஈகிள்ஸ்'. விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் இயங்கும் எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் (ஈ.ஏ.ஏ.) 1992இல் இதைத் தொடங்கியது. இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பறந்திருக்கிறார்கள். ஓட்டியவர்கள் அத்தனை பேரும் தன்னார்வலர்கள். அவர்களோடு சேர விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

என்னிடம் பிரைவேட் பைலட் லைசென்ஸ் இருக்கிறது. வாடகைக்கு செஸ்னா 172 (நான்கு இருக்கைச் சிறு விமானம்) எடுத்து ஓட்டுகிறேன். அடுத்த மாதம் ஈ.ஏ.ஏ.வின் உள்ளூர் சேப்டர் (கிளை) நடத்தும் நிகழ்ச்சியில் பிள்ளைகளை ஏற்ற முடியுமா? – வாசகர், டல்லாஸ்

முடியும். லைசென்ஸ் மட்டும் போதாது, அவ்வளவுதான். முதலில் ஈ.ஏ.ஏ. உறுப்பினராகுங்கள். அடுத்து, சிறார் பாதுகாப்புப் பயிற்சியை இணையத்தில் முடித்து, பின்னணிச் சோதனைக்கு ஒப்புதல் கொடுங்கள். இரண்டையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சோதனை முடிவு வர நாளாகலாம் என்பதால், நிகழ்ச்சிக்கு முந்தைய இரவு உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். பலர் தடுக்கி விழும் இடமே இதுதான். இன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.

மெடிக்கல் சான்றோ, அதற்கு மாற்றான எளிய ஏற்பாடான பேசிக்மெடோ நடப்பில் இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு மெடிக்கல், பரிசோதனை நாளில் உங்களுக்கு 40 வயது நிறையாதிருந்தால் 60 மாதம் செல்லும், நிறைந்திருந்தால் 24 மாதம். பேசிக்மெடில் இரண்டு கடிகாரங்கள் தனித்தனியே ஓடுகின்றன: மருத்துவர் பரிசோதனை 48 மாதத்துக்கு ஒருமுறை, இணையப் பாடம் 24 மாதத்துக்கு ஒருமுறை. மருத்துவரைப் பார்த்தது நினைவிருக்கும், பாடத்தை மறந்துவிடுவார்கள்.

இதற்குமேல், ஓட்டப்போகும் விமானத்தில் பயணியை ஏற்றும் தகுதி, விமான உரிமையாளரின் அனுமதி, பயணிகளுக்கான இன்ஷூரன்ஸ், பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் ஆகியவை வேண்டும். இவற்றில் பல கீழே தனிக் கேள்விகளாக வந்திருக்கின்றன.

மார்ச் 10ஆம் தேதி விமானத்தை மூன்று முறை கிளப்பி இறக்கினேன். நிகழ்ச்சி ஜூன் 13. மூன்று மாதம்தானே, சரியாக வருமா? – வாசகர், சான் ஹோசே

வராது. பயணியை ஏற்றும் தகுதிக்கு விதி சொல்வது மூன்று மாதத்தை அல்ல, 90 நாளை. மார்ச் 10இலிருந்து ஜூன் 13 வரை எண்ணிப் பாருங்கள்: மார்ச்சில் மிச்சம் 21, ஏப்ரல் 30, மே 31, ஜூனில் 13. ஆக 95 நாள். ஐந்து நாள் கடந்துவிட்டது.

முந்தைய 90 நாளுக்குள் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங், அதுவும் கட்டுப்பாடு முழுக்க உங்கள் கையில் இருக்கும்போது செய்திருக்க வேண்டும். விமானத்தின் வகையும் வகுப்பும் ஒத்துப்போக வேண்டும். இரட்டை எஞ்சினில் இறங்கியதை ஒற்றை எஞ்சின் கணக்கில் சேர்க்க முடியாது. வால்சக்கர விமானம் என்றால் ஒவ்வொரு முறையும் முழுக்க நின்றுவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். தொட்டுவிட்டு எழும்பியது கணக்கில் வராது.

பயிற்றுநரோடு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முடிக்க வேண்டிய ஃபிளைட் ரிவ்யூவின் கணக்கு இதற்கு நேர்மாறு, கொஞ்சம் தாராளம். அது நாளால் அல்ல, நாட்காட்டி மாதத்தால் எண்ணப்படுகிறது. 2024 ஜூன் 10இல் முடித்திருந்தால் 2026 ஜூன் 30 வரை செல்லும். குறைந்தது ஒரு மணி நேரத் தரைப்பாடம், ஒரு மணி நேரப் பறப்பு.

எங்கள் யோசனை: நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம், அதே விமானத்தில், பயணி இல்லாமல் மூன்று முறை இறங்கி ஏறுங்கள். 90 நாள் கணக்கு தீரும். கை ஓட்டமும் திரும்பிவிடும்.

வாடகைக்கு விடும் கம்பெனிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அது போதாதா? – வாசகர், நியூ ஜெர்சி

அந்த பாலிசி பெரும்பாலும் விமான உரிமையாளரைக் காக்க எடுத்தது. அதில் நீங்களும் காக்கப்படுகிறீர்களா என்பதை அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வாடகை விமானிகளுக்கென்றே தனி பாலிசி கிடைக்கிறது.

எந்த பாலிசியானாலும் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். '10 லட்சம் டாலர்' என்று போட்டுவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் 'ஒரு பயணிக்கு இவ்வளவுதான்' என்று ஓர் உச்சவரம்பு இருக்கும். இந்தத் திட்டம் கேட்பது அந்தக் கீழ் வரியைத்தான். பயணி இருக்கை ஒன்றுக்குக் குறைந்தது 1,00,000 டாலர் இருக்க வேண்டும். அது இருந்தால், அதற்கு மேற்பட்ட இழப்புக்கு ஈ.ஏ.ஏ. தன் சார்பில் 10 லட்சம் டாலர் வரை கூடுதல் காப்பு தருகிறது. அடித்தளம் இல்லாமல் மாடி நிற்காது என்பதுபோல, உங்கள் பாலிசி குறைந்தால் அந்தக் கூடுதல் காப்பை நம்ப முடியாது.

இந்தியாவில் எடுத்த கமர்ஷியல் லைசென்ஸ் வைத்திருக்கிறேன். இங்கே அதை வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஏற்றலாமா? – வாசகர், ஹியூஸ்டன்

நேரடியாக முடியாது. அமெரிக்கப் பதிவு விமானத்தை இங்கே ஓட்ட, அமெரிக்க விமானத் துறை ஒழுங்கு அமைப்பான எஃப்.ஏ.ஏ. தரும் சான்று வேண்டும். உங்கள் இந்திய லைசென்ஸை அடிப்படையாக வைத்து பிரைவேட் பைலட் சான்று வாங்கலாம். அதற்கு முதல் படி, லைசென்ஸ் உண்மையானதுதானா என்று எஃப்.ஏ.ஏ. இந்தியாவின் விமானத் துறை ஒழுங்கு அமைப்பான டி.ஜி.சி.ஏ.விடம் உறுதி கேட்பது. பதில் இரண்டு அலுவலகங்களுக்கு இடையே நடந்து வர வேண்டும், ஆகவே பொறுமை தேவை. கடிதம் வந்ததும் நேரில் போய்ச் சான்று பெறலாம். பெற்ற பிறகும் ஃபிளைட் ரிவ்யூ முடிக்காமல் விமானியாகப் பொறுப்பேற்கக் கூடாது.

இதில் ஒரு முடிச்சு உண்டு. இந்தச் சான்று தனித்து நிற்காது. இந்திய லைசென்ஸ் செல்லுபடியாக இருக்கும்வரைதான் இதற்கும் உயிர். பறக்கும்போது இரண்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். இங்கேயே நிரந்தரமாகத் தங்குவதாக இருந்தால், தேர்வெழுதித் தனி அமெரிக்க லைசென்ஸ் எடுத்துவிடுவதே நிம்மதி.

ஸ்போர்ட் பைலட் சேரலாமா? சொந்தமாகக் கட்டிய விமானம்? – வாசகர், அட்லாண்டா

இரண்டுக்கும் ஆம். ஸ்போர்ட் பைலட், அதாவது சிறிய, எளிய விமானங்களுக்கான லைசென்ஸ் உள்ளவர், ஒரு நேரத்தில் ஒரே ஒரு பயணியைத்தான் ஏற்றலாம். 2025 அக்டோபரில் விதி தளர்ந்து நான்கு இருக்கை விமானங்களையும் ஓட்டலாம் என்று வந்த பிறகும் அந்த 'ஒருவர்' மாறவில்லை. சொந்தத் தயாரிப்பு விமானம் என்றால் முதல் கட்டச் சோதனைப் பறப்பு மணிகளை முடித்திருக்க வேண்டும். அதுவரை பிள்ளைகளை ஏற்றக் கூடாது. ஏற்றும்போது இது எக்ஸ்பெரிமென்டல் (சோதனை) வகை விமானம் என்று பயணிக்குச் சொல்வதும் கட்டாயம். பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். ஸ்டூடன்ட் பைலட் யாரையும் ஏற்ற முடியாது.

நான்கு இருக்கை இருக்கிறது, மூன்று பிள்ளைகளை ஏற்றினால் என்ன? – வாசகர், சிகாகோ

இருக்கையை எண்ணாதீர்கள், எடையைக் கூட்டுங்கள். ஒரு செஸ்னா 172இன் அதிகபட்ச எடை 2,300 பவுண்டு, வெற்று எடை 1,470 என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் விமானத்தின் சரியான எண் அதன் எடைத் தாளில் இருக்கும்.) மிச்சம் 830. டேங்க் நிறைய 40 கேலன், கேலனுக்கு 6 பவுண்டு வீதம் 240. மிச்சம் 590. நீங்கள் 200 பவுண்டு. மிச்சம் 390. பதினைந்து வயதுப் பிள்ளைகள் மூவர், ஆளுக்கு 140 என்றால் 420. முப்பது பவுண்டு அதிகம்! அதே விமானத்தில் 20 கேலன் மட்டும் போட்டால் 90 பவுண்டு இடம் விடும். பகல் பறப்புக்கு விதி கேட்கும் அரை மணி நேரக் கையிருப்பு எரிபொருளும் தாராளமாக நிற்கும். அப்படியே மூன்று நான்கு சுற்று போய்விட்டு, நடுவில் நிரப்பிக்கொள்ளலாம்.

எடை சரியாக இருந்தாலும் கனமான இரண்டு பேரைப் பின்னால் உட்கார வைத்தால் எடை மையம் பின்னே சாயும். கனமானவரை முன்னால் உட்கார வையுங்கள். வெயில் ஏறிய நண்பகலில், காற்று மெலிந்து, அதே எடைக்கு அதிக ஓடுபாதை தேவைப்படும். காலையில் போட்ட கணக்கை நண்பகலில் நம்ப வேண்டாம்.

பிள்ளைகளின் எடையை எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். வளரும் வயதில் குறைத்துத்தான் சொல்வார்கள். ஓர் ஓரமாகத் தராசு வைத்து, எண்ணை நீங்கள் மட்டும் குறித்துக்கொள்வது மேல்.

என் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரனை நான் கூட்டி வந்து கையெழுத்துப் போடலாமா? – ஒரு தாத்தா, சியாட்டில்

கூட்டி வரலாம் ஐயா, கையெழுத்துதான் செல்லாது. படிவத்தில் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோதான் கையெழுத்திட வேண்டும். பறப்பதற்கு முன்பே இட்டிருக்கவும் வேண்டும். மகளிடம் சொல்லி முந்தைய நாளே முடித்துவிடச் சொல்லுங்கள். விமானிகளுக்கும் இதே சொல்தான்: படிவத்தைக் கண்ணால் பார்க்காமல் எஞ்சினைக் கிளப்ப வேண்டாம். 'அப்புறம் அனுப்பிவிடுகிறோம்' என்பவர்களுக்கு அடுத்த நிகழ்ச்சியில் இடம் கொடுக்கலாம்.

பெற்றோர் பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தால் வாங்கலாமா? – வாசகி, பாஸ்டன்

கூடாது. பறப்பு இலவசம் என்பதே திட்டத்தின் அடிப்படை. பிரைவேட் பைலட் கூலிக்குப் பயணி ஏற்றக் கூடாது என்பது எஃப்.ஏ.ஏ. விதி. எரிபொருள் ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, வருமான வரிக் கழிவுக்கு வழியுண்டா என்று வரி ஆலோசகரிடம் கேளுங்கள். செலவழித்த நேரத்துக்குக் கழிவு கிடையாது.

பிள்ளை வாந்தி எடுத்துவிட்டால்? பயந்துவிட்டால்? – வாசகி, ராலே

வாந்திக்கு முன்பே தடயம் தெரியும். கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியாகும், கொட்டாவி விடும், முகம் வெளுத்து வியர்க்கும். அப்போதே காற்றுத் துளையை முகத்துக்கு நேராகத் திருப்பி, தூரத்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லி, விமானத்தைத் திருப்பிவிடுங்கள். பை எட்டும் இடத்தில் இருக்கட்டும். பின்பாக்கெட்டில் மடித்து வைத்த பை அந்த நேரத்தில் கைக்கு வராது.

வராமல் தடுக்க வழி, காலையிலேயே பறப்பது. வெயில் ஏறினால் தரையிலிருந்து வெப்பக் காற்று கிளம்பி விமானம் குலுங்கும். பதினைந்து, இருபது நிமிடம் போதும். திருப்பங்களில் 20 டிகிரிக்கு மேல் சாய்க்க வேண்டாம். சாகசம் எதுவும் கூடவே கூடாது. 3 மைல் பார்வைத் தூரம் சட்டத்துக்குப் போதும். பிள்ளையின் முதல் பறப்புக்கு அது போதாது. அடிவானம் தெளிவாகத் தெரியாத நாளில் பறக்காமல் விடுங்கள்.

ஹெட்செட்டைக் குறுகலாகச் சரிசெய்து, மைக்கை உதட்டிலிருந்து ஒரு விரல் அகலத்தில் வையுங்கள். மைக் தள்ளியிருந்தால் 'ஒரு மாதிரி இருக்கு' என்று பிள்ளை சொல்வது உங்களுக்குக் கேட்கவே கேட்காது. சிறு பிள்ளைக்கு உயரம் கூட்ட மெத்தென்ற தலையணை வேண்டாம். அது அமுங்கும்போது பெல்ட் தளரும். கெட்டியான மெத்தை போடுங்கள். முன் இருக்கையை முன்னும் பின்னும் அசைத்து, கொக்கி தண்டவாளத்துத் துளையில் விழுந்ததா என்று பாருங்கள். விழாவிட்டால் டேக்-ஆஃபில் இருக்கை பின்னே வழுக்கும். பிள்ளை கையில் அகப்படுவது கன்ட்ரோல் சக்கரமாக இருக்கும்.

பயந்த பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். ஏறிய பிறகு 'வேண்டாம்' என்றாலும் இறக்கிவிடுங்கள். அப்பா வெளியே நின்று கையசைத்து உற்சாகப்படுத்தினாலும் முடிவு பிள்ளையுடையது.

ஏற்றுவதும் இறக்குவதும் எஞ்சின் நின்று, புரொப்பெல்லர் அசையாமல் ஆன பிறகுதான். நேரம் மிச்சமாகும் என்று எஞ்சினை ஓடவிட்டு ஆள் மாற்றுவது சில இடங்களில் நடக்கிறது. அங்கே சேராதீர்கள்.

பறந்து முடிந்ததும் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? – ஒரு மாணவி, ஃபீனிக்ஸ்

உன் பெயரிட்ட லாக்புக் (பறப்புக் குறிப்பேடு), 19 வயது வரை ஈ.ஏ.ஏ. மாணவர் உறுப்பினர் தகுதி, இணையத்தில் இலவச விமானப் பயிற்சிப் பாடம். லாக்புக்கில் விமானி பெயரையும் தேதியையும் எழுதிக் கையெழுத்திட்டாரா என்று விமானத்திடலை விட்டுப் போகுமுன் பார்த்துக்கொள்.