ஆராதனையின் ஓசையும் ஏற்காட்டின் மௌனமும்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் ஓர் ஆவிக்குரிய சபையில் சிறுவயது முதல் இருந்து வருகிறேன். அண்மையில் ஏற்காட்டில் ஒரு மௌன ரிட்ரீட்டில் கலந்துகொண்டேன். திரும்பியதிலிருந்து எங்கள் ஞாயிறு ஆராதனையின் டிரம்ஸ், கீபோர்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் உரத்துச் செய்யும் ஜெபம் எதுவும் மனத்தில் ஒட்டவில்லை. கர்த்தர் எலியா தீர்க்கதரிசியிடம் பெருங்காற்றிலும் அக்கினியிலும் அல்லாமல் மெல்லிய சத்தத்தில்தானே பேசினார்? அமைதியான வேறொரு சபைக்கு மாறிவிடலாமா?

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

எலியாவின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஓரேப் மலையில் ஒலித்த அந்த மெல்லிய சத்தம், இங்கே உனக்கு என்ன வேலை என்றுதான் அவரைக் கேட்கிறது. பிறகு, தம்மைக் கொல்லத் தேடிய யேசபேல் ராணிக்கு அஞ்சி ஓடிவந்த அவரை, யெகூவை ராஜாவாகவும் எலிசாவைத் தீர்க்கதரிசியாகவும் அபிஷேகம் பண்ணும்படி வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. மலையிலேயே தங்கிவிட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதே எலியா, முந்தைய அதிகாரத்தில், காலைமுதல் கத்திக்கொண்டிருந்த பாகாலின் தீர்க்கதரிசிகளை, இன்னும் உரக்கக் கூப்பிடுங்கள், உங்கள் தெய்வம் தூங்கினாலும் தூங்கும் என்று கேலி செய்தவர் என்பதும் உண்மை. ஆகவே உங்கள் சலிப்புக்கு வேதத்தில் இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எரிகோ வழியோரத்தில் இயேசுவைக் கூப்பிட்ட பர்திமேயு என்ற குருட்டுப் பிச்சைக்காரனைப் பேசாதிரு என்று அதட்டியவர்களும் அமைதியை விரும்பியவர்களே. அவனோ முன்னிலும் அதிகமாகக் கூப்பிட்டான், இயேசு நின்றதும் அந்தக் கூச்சலைக் கேட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கத்தில் நின்று கதறுகிறவர் எதற்காகக் கதறுகிறார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மௌனத்துக்கு ஒழுங்கு வகுத்தவர்கள் ஓசையை விலக்கியவர்கள் அல்லர். 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கு, பேச்சடக்கத்துக்கென்று தனி அதிகாரம் ஒதுக்கி, நாளின் கடைசி ஜெபத்துக்குப் பின் எவரும் பேசக்கூடாது என்கிறது. அதே ஒழுங்குதான் பகலில் ஏழு வேளையும் இரவில் ஒரு வேளையும் துறவிகளைக் கூடச் சொல்லி, ஒரு வாரத்துக்குள் 150 சங்கீதங்களும் சொல்லி முடிந்திருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அந்த 150இல் கடைசிச் சங்கீதம் பேரோசையுள்ள கைத்தாளங்களைக் கேட்கிறது.

ஏற்காட்டில் நீங்கள் அனுபவித்த மௌனத்தை வேறு சிலர் சமைத்தும், கூட்டியும், மணியடித்தும் உங்களுக்காக உண்டாக்கித் தந்தார்கள். (விடுமுறை நாளில் ஏரிக்கரையில் நின்று பாருங்கள், அதுவும் ஏற்காடுதான்.)

குரல் வேறு, ஒலிபெருக்கி வேறு. சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபை தொடர்பான வழக்கில், 2000 ஆகஸ்டில், பிறர் அமைதியைக் குலைத்தோ ஒலிபெருக்கி வழியாகவோ ஜெபிக்கும்படி எந்த மதமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்களை வருத்துவது ஸ்பீக்கரின் அளவு என்றால், அதைப் போதகரிடம் நேராகச் சொல்லிக் குறைக்கக் கேளுங்கள். அதில் ஆவிக்குரிய சிக்கல் ஒன்றும் இல்லை.

சபை மாற வேண்டாம் என்பதே என் கருத்து. கப்பர்நகூமில் பட்டணம் முழுவதும் வாசலில் கூடிய ஒரு மாலைக்குப் பிறகு, இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு எழுதுகிறார். சீடர்கள் தேடி வந்ததும் அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டுவிட்டார். அந்த விடியற்காலையை நீங்களும் தினமும் வைத்துக்கொள்ளுங்கள். திருவிருந்துக்குப் பின் இசையில்லாமல் இரண்டு நிமிடம் அமர்ந்திருக்கலாமா என்று போதகரிடம் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்; மாறுவதைப் பற்றி அதன்பிறகு பேசலாம்.