சரோஜ் நாராயணஸ்வாமியின் குரல் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அகில இந்திய வானொலியில் டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணஸ்வாமியைப் புகழ்ந்து நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். காலை ஏழேகால் செய்தி ஓடும்போது எங்கள் பெரம்பூர் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அப்பாவின் சட்டம் அது. அந்தக் குரல் எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் வாசித்தது அரசாங்கம் எழுதிக் கொடுத்ததைத்தானே? நெருக்கடி நிலையில் தலைவர்கள் சிறையில் கிடந்தபோதும் டெல்லி செய்தி அதே நிதானத்தோடு நலத்திட்டங்களை அடுக்கிக்கொண்டுதான் இருந்தது. நாட்டு நடப்பு தெரிய அப்பாவே இரவில் லண்டனிலிருந்து வரும் பிபிசி தமிழோசைக்குத்தான் முள்ளைத் திருப்புவார். அப்படியிருக்க, செய்தி வாசித்த ஒருவரை இவ்வளவு கொண்டாடுவது வெறும் பழைய நினைப்பு இல்லையா? இன்றைய சேனல்களைத் திட்டுவதற்காக அன்றைய வானொலியைத் தூக்கிப் பிடிக்கிறோமோ?

கே., பெரம்பூர்

அன்புள்ள கே.,

நெருக்கடி நிலை பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 1975 ஜூன் 26 காலை இந்திரா காந்தி வானொலியில் பேசித்தான் அதை நாட்டுக்குத் தெரிவித்தார். அன்று தொடங்கி 1977 தேர்தல் வரை அகில இந்திய வானொலி அரசின் ஊதுகுழலாகவே இருந்தது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அதன்பின் சென்னை மத்தியச் சிறைக்குள் மிசா கைதிகள் (விசாரணையின்றி அடைத்துவைக்கும் சட்டத்தில் பிடிபட்டவர்கள்) அடித்து நொறுக்கப்பட்டதை நாம் வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. 1984 அக்டோபர் 31-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்திரா காந்தி சுடப்பட்டது காலையில். அவர் இறந்துவிட்டதை பிபிசி பகலிலேயே சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே பிபிசியைத்தான் கேட்டார். நம் வானொலி அறிவித்தபோது மாலை ஆறு மணி. இதையெல்லாம் மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழ்ந்தால் நீங்கள் சொல்லும் குற்றச்சாட்டு என்மேல் சரியாகவே விழும்.

ஆனால் நிறுவனத்தின் பிழையை மைக் முன்னால் உட்கார்ந்தவர் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதெல்லாம் அவருக்கு மேலே முடிவான விஷயங்கள். வானொலிக்குத் தன்னாட்சி வேண்டும் என்று அரசு அமைத்த வர்கீஸ் குழு 1978-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தன்னாட்சிக்கான பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது 1990-ல். அது நடைமுறைக்கு வந்தது 1997-ல். சரோஜ் செய்தி வாசித்த காலம் ஏறக்குறைய முழுவதும் வானொலி ஓர் அரசுத் துறைதான்.

‘எழுதிக் கொடுத்ததை வாசித்தார்’ என்கிறீர்கள். டெல்லியில் தமிழ்ப் பிரிவில் இருந்தவர்களுக்கு வாசிப்பு பாதி வேலைதான், மொழிபெயர்ப்பு மறு பாதி. பொதுச் செய்தி அறையிலிருந்து ஆங்கிலத்தில் தாள் தாளாக வரும். அதைத் தமிழாக்கி, பத்து நிமிடத்துக்குள் அடக்கி, ஒலிபரப்பு அறைக்குள் போய் வாசிக்க வேண்டும். நேரம் நெருங்க நெருங்க வரும் தாளுக்கும் இடம் கண்டுபிடிக்க வேண்டும்.

செய்தித்தாளில் புரியவில்லை என்றால் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போகலாம். காதுக்கு அந்த வசதி கிடையாது. “எல்லைப் பிரச்சினைக்கு இரு நாடுகளும் மூன்றாம் நாட்டின் தலையீடு இல்லாமல் நேரடியாகப் பேசித் தீர்வு காண வேண்டும் என்று வெளியுறவு அமைச்சர் கேட்டுக்கொண்டிருக்கிறார்” என்று ஒரே மூச்சில் வாசித்தால் சொன்னது யார் என்பது கடைசியில்தான் தெரியும். அதற்குள் அடுப்படியில் குக்கர் கத்திவிடும். ‘வெளியுறவு அமைச்சர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்’ என்று முதலில் நிறுத்த வேண்டும். பிறகு அந்த யோசனையைச் சொல்ல வேண்டும். எங்கே மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லில் லேசாக அழுத்துவது என்பதில்தான் கேட்பவருக்குச் செய்தி புரிவதும் புரியாததும் இருக்கிறது. சரோஜிடம் நான் வியந்தது இதைத்தான். சோவியத் தலைவர் பிரெஷ்னேவ், பாகிஸ்தானின் ஜியா உல் ஹக் என்ற பெயர்கள் எல்லாம் முதன்முதலில் என் காதுக்கு வந்தது டெல்லி செய்தி வழியாகத்தான். பள்ளிக்கூடம் போகாத என் பாட்டிக்கும் அந்தப் பெயர்கள் தெரிந்திருந்தன.

அவர் தஞ்சாவூர்ப் பூர்வீகம், மும்பையில் வளர்ந்தவர். வேலை டெல்லியில். அவருடைய தமிழில் எந்த ஊர்ச் சாயலும் தூக்கலாகத் தெரியாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். திருநெல்வேலிக்காரருக்கும் புரசைவாக்கத்துக்காரருக்கும் அது அந்நியமாகப் படவில்லை. தமிழக அரசு கலைமாமணி விருது கொடுத்தது. 2022 ஆகஸ்ட் 13 அன்று மும்பையில் காலமானார், வயது 87. அன்று நண்பர்கள் பேசியதை எல்லாம் கூர்ந்து கவனித்தேன். அவர் வாசித்த ஒரு செய்தி கூட யாருக்கும் குறிப்பாக நினைவில்லை. தன் பெயரை அவர் சொல்லும் விதம் மட்டும் அத்தனை பேருக்கும் நினைவிருந்தது, பலர் அதைச் சொல்லியும் காட்டினார்கள். நீங்கள் பழைய நினைப்பு என்று சொல்வதற்கு இங்கே நியாயம் இருக்கிறது. நாம் குரலைத்தான் சேர்த்து வைத்திருக்கிறோம்.

ஆனாலும் அந்தக் குரலை எல்லாரும் நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் கருத்துச் சொல்லவில்லை. வெற்றிக்குக் குரல் உயரவில்லை, சாவுக்குத் தழுதழுக்கவில்லை. பத்து நிமிடம் சொல்லிவிட்டு விலகிக்கொண்டார். விமர்சனம் நம் கையில் இருந்தது. ஓட்டேரி சலூனிலும் சூளை டீக்கடையிலும் செய்தி முடிந்த அடுத்த நிமிடம் வாக்குவாதம் தொடங்கும். ஒரே செய்தியைக் கேட்டவர்கள்தான் கட்சி பிரிந்து சண்டை போட்டார்கள். உங்கள் அப்பா காலையில் டெல்லியையும் இரவில் லண்டனையும் கேட்டு, இரண்டுக்கும் நடுவில் தானாக ஒரு முடிவுக்கு வந்தார். கேட்பவர் இப்படி யோசிக்க இடம் விட்ட வாசிப்பை நான் மதிக்கிறேன். செய்தியே மறைக்கப்படும்போது இந்த மதிப்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சொல்லாமல் விட்டதை எந்த நல்ல வாசிப்பும் ஈடுகட்டாது.

அந்தக் குறையைத் தீர்த்தது தமிழோசைதான். 1941 மே 3-ல் தொடங்கிய ஒலிபரப்பு அது. பாரதியின் வரியிலிருந்து அந்தப் பெயரை எடுத்து வைத்தவர் யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள சென்னையில் எத்தனையோ வீடுகள் இரவு ஒன்பதேகாலுக்குக் காத்திருந்தன. அங்கே களத்திலிருந்து பேச ஆள் இருந்தது, எதிர்க்கருத்துக்கு இடம் இருந்தது. சரோஜுக்கு அந்த வாய்ப்பை இந்த நாடு கொடுக்கவில்லை. அந்த வானொலிச் சேவையும் 2017 ஏப்ரல் 30-ஓடு நின்றுவிட்டது.

சேனல்களைத் திட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. என் கோபம் வேறொன்றின் மேல். ஒலியலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்புச் சொன்னது. அப்படியும் சென்னையில் தனியார் பண்பலை நிலையம் எதுவும் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே மறுஒலிபரப்பு செய்ய மட்டும் அனுமதி. 2004-ல் தொடங்கிய, அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை போன்ற சமுதாய வானொலிகளுக்கும் சொந்தச் செய்திக்கு அனுமதி இல்லை. தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் இல்லாத இந்தத் தடை, காசிமேட்டு மீனவரும் ஆட்டோ ஓட்டுநரும் காதில் வைத்திருக்கும் வானொலிக்கு மட்டும் ஏன்? அரசு எழுதிக் கொடுத்ததை வாசித்தார் என்று சரோஜைக் குறை சொல்கிறவர்கள் இந்தத் தடையை நீக்கச் சொல்லியும் எழுத வேண்டும்.