கடை வாடகையும் அரசாங்கச் சட்டமும்: கேள்வி பதில்

கொழும்பில் கடை, அலுவலகம், களஞ்சியம் எடுப்பது, கொடுப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். என் தொழில் சொத்து மதிப்பீடு. வழக்கு விஷயமென்றால் சட்டத்தரணியிடம் போங்கள். வீட்டு வாடகை பற்றி என்னிடம் கேட்கவேண்டாம்.

கே (வெள்ளவத்தை, தையல் கடை): இந்த மாதத்திலிருந்து வாடகைக்கு மேல் 18 வீதம் வற் வரி (பெறுமதி சேர் வரி) தரவேண்டும் என்று கட்டடச் சொந்தக்காரர் சொல்கிறார். தரத்தான் வேண்டுமா ஐயா?

ப: அவருடைய வற் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். பதிவில்லாதவர் வற் அறவிட முடியாது. 2024 ஜனவரியில் வரியை 18 வீதமாக்கியபோது, பதிவுக்கான எல்லையை ஆண்டுக்கு 80 மில்லியன் ரூபாயிலிருந்து 60 மில்லியனுக்கு இறக்கினார்கள். இரண்டு கடை வாடகையில் அந்த எல்லையைத் தொடமுடியாது. ஆனால் அவருக்கு வேறு வியாபாரமும் இருக்கலாம். பதிவு இருந்தால் வரி விலைப்பட்டியல் தரட்டும், நீங்கள் கட்டத்தான் வேண்டும். குடியிருப்பு வாடகைக்கு வற் இல்லை, வியாபார இடத்துக்கு உண்டு.

இதில் அடிபடுவது உங்களைப் போன்றவர்கள்தான் அக்கா. பக்கத்துக் கடை வற் பதிவுள்ள பெரிய கம்பனி என்றால், வாடகையில் கட்டிய வற்றைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும். உங்களுக்கு அந்த வழி இல்லை. ஆகவே இனிப் பேரம் பேசும்போது ‘வற் உட்பட எவ்வளவு’ என்று கேளுங்கள்.

கே (டொரொன்டோ): கனடியக் குடியுரிமை எடுத்துவிட்டேன். வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கம் ஒரு கடை வாங்கலாமா?

ப: இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் தடையில்லை. எடுக்காவிட்டால், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாட்டவர், காணியை உங்கள் பேருக்கு மாற்ற முடியாது. கம்பனி தொடங்கி வாங்கலாமென்று யாரும் ஆசைகாட்டினால், வெளிநாட்டுப் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ இருக்கும் கம்பனிக்கும் அதே தடைதான். அடுக்குமாடித் தொகுதியில் ஒரு பகுதி வாங்க விதிவிலக்கு இருக்கிறது. முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே வரவேண்டும். ஆனால் மேல்மாடியில் புடவைக்கடை போட்டு யார் ஏறி வருவார்? பெற்றோரின் சொத்து முதுசமாகவோ நன்கொடையாகவோ வருவதென்றால் சட்டம் இடம் விட்டிருக்கிறது. மற்றப்படி குத்தகை, அதிகபட்சம் 99 வருடம்.

தம்பியின் பேரில் வாங்கி வைப்பது பற்றிக் கேட்கவேண்டாம்.

கே (பம்பலப்பிட்டி): அம்மாவின் பழைய வீட்டை டியூட்டரிக்குக் கேட்கிறார்கள். நல்ல வாடகை. கொடுக்கலாமா?

ப: கொடுக்கலாம், ஆனால் மாநகர சபைக் கோப்பில் அந்தக் கட்டடத்தின் பாவனை ‘குடியிருப்பு’ என்றுதான் இருக்கும். மாற்ற அனுமதி எடுக்கவேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிப்படி வாகனத் தரிப்பிடம் கேட்பார்கள். இடம் இல்லையென்றால் அதற்குப் பதிலாகக் கட்டணம். முக்கியமானது வீதிக்கோட்டுச் சான்றிதழ். ஒருமுறை ஒரு வீட்டுக்கு மதிப்பீட்டுக்குப் போனேன். சொந்தக்காரர் முன் விறாந்தையை இடித்துக் கண்ணாடி போட்டு ‘ஷோரூம்’ ஆக்கியிருந்தார். வரைபடத்தை விரித்தால், வீதி அகலிப்புக் கோடு அந்தக் கண்ணாடிக்கு உள்ளே நாலடி தள்ளிப் போகிறது. அவர் வாடகை பேசி வைத்திருந்ததே அந்த நாலடிக்குத்தான்.

அப்புறம், குத்தகையை நொத்தாரிசு முன்னால் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு இல்லாமல் செல்லாது என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டுச் சட்டம். இன்னும் முத்திரையை ஒட்டிக் கையெழுத்து வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

கே (புறக்கோட்டை, கெய்சர் வீதி): வாப்பா காலத்திலிருந்து எங்கள் கடை. மாத வாடகை சில நூறு ரூபாய்தான். கட்டடத்தை வாங்கிய புதுச் சொந்தக்காரர் எழும்பச் சொல்கிறார். எழும்பவேண்டுமா?

ப: நானா, நீங்கள் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் இருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. வீட்டுக்கு மட்டுமான சட்டம் இல்லை அது, கடைக்கும் உண்டு. ஆனால் மாநகர சபையின் பழைய மதிப்பீட்டில் ஆண்டுப் பெறுமதி (சோலைவரி போட எடுக்கும் பெறுமதி) ஒரு எல்லையைத் தாண்டிய இடங்கள் அதற்கு வெளியே. கொழும்பு மாநகரில் வியாபார இடத்துக்கு அந்த எல்லை 6,000 ரூபாய். உள்ளே இருந்தால், கட்டடம் கைமாறியதால் மட்டும் உங்களை எழுப்ப முடியாது. வாப்பா இறந்த பிறகும் கடையைத் தொடர்ந்து நடத்தும் குடும்பத்துக்கு வாடகை உரிமை போக வழி இருக்கிறது. சொந்தக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் மாநகர சபையில் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதமும் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று. கடை வாசலில் போன் கவர் விற்பவருக்கு ஒரு துண்டைத் தடுத்துக் கொடுத்திருக்கிறீர்களா? சொந்தக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தால் அது கீழ்வாடகை. வழக்கில் உங்களைத் தோற்கடிப்பது அதுதான்.

கே (கொட்டாஞ்சேனை): இது அநியாயம் ஐயா. எனக்கும் மெயின் வீதியில் அப்படி ஒரு கட்டடம். வருகிற வாடகை சோலைவரிக்கே காணாது. கூரை ஒழுகினால் நான்தான் திருத்தவேண்டுமாம். வாடகைக்காரர் ஒரு நாளில் உழைப்பதை நான் வருடத்திலும் காண்பதில்லை.

கே (கெய்சர் வீதி): அண்ணன் கீ மணி கதையைச் சொல்லவில்லையே. எங்கள் வாப்பா அந்தக் காலத்தில் உள்ளே வர இலட்சக்கணக்கில் கொடுத்தார். அதுக்கு வட்டி யார் தருவது?

கே (கொட்டாஞ்சேனை): வாங்கியது நான் இல்லை. ரசீது இருக்கிறதா?

ப: ரசீது இருக்காது. கீ மணி வாங்குவதையே அந்தச் சட்டம் தடுத்திருக்கிறது, பிறகு யார் ரசீது தருவார்? இரண்டு பேருமே சரி, இரண்டு பேருக்குமே தீர்வு இல்லை. மேசைக்கு மேலே வாடகையைப் பூட்டினால் மேசைக்குக் கீழே பணம் போகும். வாடகை வராத கட்டடத்துக்குச் சொந்தக்காரர் சுண்ணாம்பும் அடிக்கமாட்டார். புறக்கோட்டையில் மேல்மாடிகள் இருண்டு, படியின் பலகை உக்கிக் கிடப்பதற்கு அரைவாசிக் காரணம் இதுதான். அங்கே ஒரே கட்டடத்துக்கு நான் இரண்டு விலை எழுதுவேன், ஆளோடு ஒன்று, ஆள் இல்லாமல் ஒன்று. அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில்தான் நீங்கள் இருவரும் பேரம் பேசவேண்டும். கொட்டாஞ்சேனை அண்ணை, எழும்புவதற்கு ஒரு தொகை கொடுத்து முடிப்பது வழக்குச் செலவைவிட மலிவு. வாடகைச் சட்டத்துக்கு வெளியே உள்ள இடமும், ஒழுங்காக எழுதிய குத்தகையும் என்றால், தவணை முடிந்த பிறகு இடத்தை நீண்ட வழக்கில்லாமல் மீட்க 2023 இல் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. பழைய வாடகைக்காரரிடம் அதைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம்.

கே (கெய்சர் வீதி): எவ்வளவு தொகை என்று சொல்லுங்கள் ஐயா, இங்கேயே முடிப்போம்.

ப: கட்டடத்தைப் பார்க்காமல் சொல்லமாட்டேன். அத்தோடு நீங்கள் இரண்டு பேரும் வேறு வேறு கட்டடம்.

கே (லண்டன்): பிரிட்டிஷ் பாஸ்போர்ட். கொழும்பில் கடை வாங்கலாமா?

ப: மேலே டொரொன்டோவுக்குச் சொன்ன பதில்.

கே (கோட்டை): துறைமுக நகரம் வந்தால் எங்கள் ஒபிஸ் வாடகை விழுமா?

ப: கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் அது, 2021 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தில் தனி ஆணைக்குழு. அங்கே போகிறவர் அனுமதி எடுத்து, பெரும்பாலும் வெளிநாட்டு நாணயத்தில் தொழில் செய்பவர், வரிச்சலுகைக்காகப் போகிறவர். உங்கள் மாடியில் இருக்கும் கணக்காளர் அங்கே போகமாட்டார். மென்பொருள் கம்பனிக்குக் கொடுத்திருந்தால்தான் யோசியுங்கள்.

கே (தெஹிவளை): வாடகைக்கு எடுத்த கட்டடத்தில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. என்ன செய்வது?

ப: நீதிமன்றம் போகாமலே ஈடு வைத்த சொத்தை ஏலம் போட வங்கிக்கு 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் அதிகாரம் தருகிறது. நெருக்கடியில் விழுந்த வியாபாரிகளுக்காக 2024 இல் அதைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தார்கள். காணிப் பதிவகத்தில் பாருங்கள், ஈடு முதலில் பதிந்ததா, உங்கள் குத்தகை முதலில் பதிந்ததா என்று. பதியவே இல்லையென்றால், நொத்தாரிசு என்று நான் கத்தியதை மேலே திரும்பப் படியுங்கள். சட்டத்தரணியிடம் இன்றைக்கே போங்கள்.

கே (சிட்னி): அவுஸ்திரேலியக் குடியுரிமை...

ப: டொரொன்டோ.

கே (கெய்சர் வீதி): அந்த 6,000 ரூபாய் விஷயத்தை எங்கே பார்ப்பது ஐயா?

ப: நகர மண்டபத்தில் மாநகர சபையின் மதிப்பீட்டாளர் திணைக்களத்தில் பழைய மதிப்பீட்டுப் பதிவேட்டின் பிரதி கேளுங்கள். சோலைவரி பில்லைக் கொண்டுபோங்கள். கெய்சர் வீதியில் சில கடைகளைப் பிரித்து இலக்கம் மாற்றியிருக்கிறார்கள், ஆகவே பழைய இலக்கத்தையும் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் பக்கத்துக் கடையின் பிரதியைத் தந்து அனுப்பிவிடுவார்கள்.