வாசகர் கேள்வி – பதில்: எட்டுத் திருநாள்களின் ஆண்டுச் சக்கரம்

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் செவிலியராக இருக்கிறாள். உடன் பணிபுரியும் பெண்மணி ஒருவர் ‘விக்கா’ என்னும் நெறியைச் சேர்ந்தவராம். டிசம்பர் 21 அன்று ‘யூல்’ விருந்துக்கு அழைத்திருக்கிறார். அது சூனியக்காரர்களின் மதம் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். அவள் போகலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாகப் போகலாம், அம்மா. சூனியம் என்றதும் தகடும் எலுமிச்சம்பழமும் நம் நினைவுக்கு வருவது இயல்புதான். விக்கா நெறியினரின் சடங்குகளில் மந்திரம் உண்டு என்பதும் உண்மை. அதை அவர்கள் மறைப்பதில்லை. ஆனால் யாருக்கும் தீங்கு செய்யாதிருப்பதே அவர்களுடைய அடிப்படை அறம். சாத்தான் என்பவனுக்கு அவர்கள் நம்பிக்கையில் இடமே இல்லை. அவர்களில் பெரும்பாலோர் ஒரு பெண் தெய்வத்தையும் ஓர் ஆண் தெய்வத்தையும் வணங்குகிறார்கள். அந்த ஆண் தெய்வம் பிறந்து, வளர்ந்து, தேய்ந்து, மறைந்து, மீண்டும் பிறப்பதாக ஆண்டு முழுவதையும் எட்டுத் திருநாள்களாகப் பகுத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தெய்வம் மீண்டும் பிறக்கும் நாளே யூல்.

இதன் அருமை நெல்லையில் இருந்துகொண்டு பார்த்தால் எளிதில் புலப்படாது. நமக்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. லண்டனிலோ ஜூன் மாதத்தில் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் பகல், டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்கும் கீழே சுருங்கிவிடும். பிற்பகல் நான்கு மணி ஆவதற்குள் சூரியன் மறைந்துவிடும். இருட்டில் வேலைக்குப் புறப்பட்டு இருட்டிலேயே வீடு திரும்பும் உங்கள் மகளுக்கு, ‘இன்றோடு இருள் வளர்வது நின்றது’ என்று மெழுகுவத்தி ஏற்றிக் கொண்டாடுவதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்காது. அடுப்பில் பெரிய மரக்கட்டை ஒன்று எரியும், குளிரிலும் இலை உதிராத மரங்களின் கிளைகளால் வீட்டை அலங்கரித்திருப்பார்கள், பிறகு விருந்து. நம் முற்றத்தில் பனையோலை எரித்துப் பொங்கலிடும் விடியற்காலையை அவள் அங்கே நினைத்துக்கொள்ளக்கூடும்.

கேள்வி: சூரியன் வடக்கே திரும்புவதை நாம் தை முதல் நாளில் கொண்டாடுகிறோம். அவர்கள் டிசம்பர் 21 என்கிறார்களே, எது சரி?
– வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: வானில் சூரியன் உண்மையில் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல்தான். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை அடையாளமாக வைத்துச் சூரியனின் இடத்தைக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சோ ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் மெல்லத் தலை சுழற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் இரண்டு கணக்குகளும் விலகி, இன்று 24, 25 நாள் இடைவெளியில் நிற்கின்றன.

இதைத் தெரிந்துகொண்டால் அவர்களுடைய சக்கரத்தில் பாதி நமக்கு முன்பே அறிமுகமானது என்பது விளங்கும். மார்ச் 20 அல்லது 21இல் வரும் ஒஸ்டாராவுக்கு இணை நம் சித்திரை விஷு. ஜூன் 21 அளவில் வரும் லிதாவுக்கு ஆடிப் பிறப்பு. செப்டம்பர் 22 அல்லது 23இல் வரும் மேபனுக்கு ஐப்பசி விஷு. குற்றாலநாதர் கோயிலில் இரண்டு விஷுவுக்கும் திருவிழா நடப்பதை நம்மவர் அறிவர். விஷு என்ற சொல்லே பகலும் இரவும் சமமாக இருப்பதைக் குறிப்பதுதான்.

கேள்வி: அக்டோபர் 31இல் அவர்கள் இறந்தோரை நினைக்கும் ‘சவின்’ நம் ஆடி அமாவாசை போன்றதா? இவையெல்லாம் பழங்காலத்துப் பண்டிகைகளா?
– கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: மனநிலை ஒன்றுதான். பாபநாசத்தில் ஆற்றில் இறங்கித் தர்ப்பணம் செய்கிறோம். அவர்களில் சிலர் அன்றிரவு உணவு மேசையில் இறந்தவருக்கென்று ஒரு தட்டு வைத்து, யாரும் பேசாமல் உண்கிறார்கள். பருவம்தான் நேர்மாறானது. ஐப்பசி நடுவில் நமக்கு வடகிழக்குப் பருவமழை இறங்கிப் பிசானப் பயிருக்கு வயல் நிறையும். அயர்லாந்திலோ அறுவடை முடிந்து, மேய்ச்சல் மலையிலிருந்து மாடுகளை இறக்கித் தொழுவில் கட்டும் காலம் அது.

பழமையைப் பற்றிக் கவனமாகவே சொல்ல வேண்டும். சவின், பிப்ரவரி தொடக்கத்தில் வரும் இம்போல்க், மே முதல் நாளின் பெல்டேன், ஆகஸ்ட் முதல் நாளின் லூனசா ஆகிய நான்கும் பழைய ஐரிஷ் ஏடுகளில் உள்ளவை. எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். 1951இல் பிரிட்டனின் பழைய சூனியத் தடைச் சட்டம் நீக்கப்பட்ட பின், ஜெரால்டு கார்ட்னர் என்பவர் விக்காவை வெளிப்படையாக அறிமுகப்படுத்தினார். மேபன் என்ற பெயரை 1970களில் சூட்டியவர் அமெரிக்கரான ஐடன் கெல்லி. இளமையானது என்பதை நான் குறையாகக் கருதவில்லை. தாம் வாழும் மண்ணின் வெயிலையும் விளைச்சலையும் பார்த்து நாள் குறிப்பதே இந்த நெறியின் உயிர். அதனால்தான் ஆஸ்திரேலியாவில் உள்ள விக்கா நெறியினர் பலர், தங்கள் பருவங்கள் தலைகீழாக இருப்பதை எண்ணி, யூலை ஜூனுக்கும் சவினை மே முதல் நாளை ஒட்டியும் மாற்றிக்கொண்டார்கள்.